பழைய லாரியின் சாவி எதைப் பூட்டுகிறது?

எனக்குப் பத்து வயதிருக்கும். சங்ககிரியில் பெரியப்பாவிடம் ஒரு டாடா 1210 இருந்தது. ஒரு நாள் பட்டறை வாசலில் வண்டி ரன்னிங்கிலேயே நின்றுகொண்டிருந்தது. பெரியப்பா கையெல்லாம் கிரீஸாக நின்றபடி, “மேல ஏறி வண்டிய ஆஃப் பண்ணு கண்ணு” என்றார். ஏறினேன். சாவியைத் திருப்பினேன், உருவிக் கையிலும் எடுத்துவிட்டேன். மீட்டர் முள்கள் கீழே விழுந்தன. இன்ஜின் மட்டும் அதே தாளத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியப்பா சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு கருப்புக் குமிழைக் காட்டினார். “அதப் புடிச்சு இழு.” இழுத்தேன். இன்ஜின் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு அடங்கியது.

பழைய லாரியின் சாவியைப் பற்றி யார் கேட்டாலும் நான் அந்தக் குமிழிலிருந்துதான் ஆரம்பிப்பேன். காரும் பைக்கும் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சாவிதான் வண்டியின் உயிர். பழைய டீசல் லாரியில் சாவியின் ஆட்சி மின்சாரத்தோடு முடிந்துவிடுகிறது. டீசலை நிறுத்த வேறு கம்பி. கதவுக்கு வேறு பூட்டு. டேங்க் மூடிக்கு வேறு சாவி. ஸ்டெப்னிக்குச் சங்கிலியும் தொங்குபூட்டும். எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்பது பிடிபட்டுவிட்டால், பழைய வண்டி ஒன்றை வாங்குபவரும் ஓட்டக் கற்றுக்கொள்பவரும் பாதித் தொல்லையிலிருந்து தப்பிக்கலாம்.

பழைய லாரி என்று நான் இங்கே சொல்வது, டீசல் பம்புக்குள் கம்ப்யூட்டர் நுழையாத காலத்து வண்டிகளை. டாடா 1210, 1613, அசோக் லேலண்ட் காமெட் மாதிரியான வண்டிகள். டாடா 1954ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு லாரி செய்ய ஆரம்பித்தது. அந்த ஒப்பந்தம் 1969 வரை நடந்தது. எண்ணூர் லேலண்டின் வேர் இங்கிலாந்தில். ஆகவே ஒன்றில் ஜெர்மன் பழக்கமும் இன்னொன்றில் ஆங்கிலப் பழக்கமும் இருக்கும். ஆனால் சாவி விஷயத்தில் அடிப்படை ஒன்றுதான். அப்புறம், பெயரில் உள்ள எண்ணும் சும்மா வைத்ததில்லை: 1210 என்றால் மொத்த எடை 12 டன், இன்ஜின் ஏறக்குறைய 100 குதிரைத்திறன். 1613 என்றால் 16 டன், 130 குதிரை.

சாவியை எடுத்தும் இன்ஜின் ஏன் நிற்கவில்லை?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி விட்டால்தான் பெட்ரோல் பற்றும். பொறிக்கு மின்சாரம் வேண்டும். சாவியைத் திருப்பினால் அந்த மின்சாரம் அறுந்து இன்ஜின் நின்றுவிடும். நமக்குப் பழக்கமான சாவி இதுதான்.

டீசல் இன்ஜினில் பொறியே கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, பதினேழில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நசுக்குகிறது. நசுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அதுவே எரிகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான், பல மடங்கு பெரிதாக. இதில் எந்த இடத்திலும் பேட்டரிக்கு வேலை இல்லை.

டீசலைப் பீய்ச்சும் பம்பும் இன்ஜினின் பல்சக்கரத்தால்தான் சுற்றுகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பெயர் மைகோ பம்பு. 1951ல் பெங்களூரில் ஆரம்பித்த கம்பெனி அது. 2008ல் பெயர் பாஷ் என்று மாறிய பிறகும் பழைய மெக்கானிக்குகள் வாயில் மைகோதான். ஆறு சிலிண்டர் இன்ஜின் என்றால் பம்புக்குள் ஆறு சிறு உருளைகள் வரிசையாக நிற்கும். ஒரே ஒரு பல்லுள்ள கம்பி ஆறையும் சேர்த்துத் திருப்பும். அந்தக் கம்பி ஒரு பக்கம் நகர்ந்தால் டீசல் கூடும், மறுபக்கம் நகர்ந்தால் குறையும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கூடும் பக்கம் போகிறது. அந்தக் கருப்புக் குமிழை இழுத்தால், குறையும் பக்கத்தின் கடைசி வரை போய், டீசல் சொட்டுகூட வராமல் நின்றுவிடுகிறது. குமிழுக்கும் பம்புக்கும் நடுவே இருப்பது சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி உறைக்குள் ஓடும் ஒரு இரும்புக் கம்பி.

இதிலிருந்து சில பழக்கங்கள் தானாகவே வருகின்றன. நிறுத்தும்போது முதலில் குமிழ், பிறகு சாவி. சாவியை முதலில் திருப்பிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் ஆயில் பிரஷர் விளக்கும் சூடு காட்டும் மீட்டரும் செத்துப்போகும். ஆயில் இறங்கினாலும் சூடு ஏறினாலும் சொல்ல ஆள் இல்லாமல் இன்ஜின் ஓடும். குமிழை மட்டும் இழுத்துவிட்டுச் சாவியை ஆனிலேயே விட்டு இறங்கினால், வண்டி நின்றுவிட்டதென்று நினைத்துப் போய்விடுவோம். காலையில் வந்து பார்த்தால் பேட்டரி இறங்கியிருக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது இன்னொன்று. முந்தின இரவு இழுத்த குமிழை உள்ளே தள்ள மறந்துவிட்டு, காலையில் செல்ஃப் அடிப்பார்கள். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. மறுபடி அடிப்பார்கள். டீசலில் ஏர் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புவார்கள். அதற்குள் பேட்டரியும் தீர்ந்திருக்கும். பிடிக்காத பழைய லாரியைப் பார்த்தால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தக் குமிழைத்தான்.

மின்சாரமே இல்லாமல் ஓடும் இன்ஜினை மின்சாரம் இல்லாமல் எழுப்பவும் முடியும். பேட்டரி சரியில்லாத வண்டியை டிரைவர்கள் இறக்கத்தில் பார்த்து நிறுத்துவது அதனால்தான். காலையில் ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டி உருள ஆரம்பித்ததும் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் எழுந்துகொள்ளும். சாவி யார் பையில் இருந்தால் என்ன? இந்த ஒரு விஷயமே போதும், அந்தக் காலத்து லாரிச் சாவி திருட்டைத் தடுக்கச் செய்த பொருள் இல்லை என்று புரிந்துகொள்ள. ஸ்டியரிங்கைப் பூட்டும் ஏற்பாடும் பெரும்பாலான பழைய லாரிகளில் கிடையாது. அமெரிக்காவில்கூட, சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கோ சக்கரமோ அசையக் கூடாது என்ற விதி 1970ல் வந்தபோது கார்களுக்குத்தான் வந்தது. லாரிகள் அதில் சேரவில்லை.

அப்படியானால் லாரியை யார் காத்தார்கள்? கிளீனர். லோடு ஏற்றிய வண்டி எங்கே நின்றாலும் ஒருவர் கேபினில் படுத்திருப்பார். எங்கள் வண்டியில் பல வருடம் இருந்த அண்ணன் கால் ஒன்றைக் கதவுத் தாழ்ப்பாளில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். கதவு அசைந்தால் கால் அசையும். இரும்பில் செய்த எந்தப் பூட்டையும்விட அந்தக் காலை நம்பித்தான் எங்கள் வீட்டில் பெரியவர்கள் தூங்கினார்கள்.

சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது?

முதல் திருப்பில் பேட்டரி மின்சாரம் மீட்டர், விளக்கு, ஹாரன் பக்கம் போகிறது. அடுத்த திருப்பில் செல்ஃப் மோட்டார். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃபுக்குப் பல நூறு ஆம்பியர் வேண்டும். அவ்வளவு மின்சாரம் சாவி சுவிட்ச் வழியாகப் போனால் சுவிட்ச் கருகிவிடும். அதனால் சாவி ஒரு சிறு மின்சாரத்தை மட்டும் அனுப்பி, செல்ஃபின் தலைமேல் இருக்கும் சோலனாய்டை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, தட்டி எழுப்புகிறது. அதற்குள்ளே இருக்கும் தடித்த செம்புத் தொடர்பு மூடிக்கொண்டதும் பேட்டரியிலிருந்து வரும் பெருவிரல் தடிமன் கேபிள் வழியாக மின்சாரம் பாய்கிறது. திருப்பியவுடன் “டக்” என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு இன்ஜின் சுற்றாவிட்டால், சாவி தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். பழுது பேட்டரியிலோ கேபிள் முனையிலோ செல்ஃபிலோ இருக்கும். சத்தமே இல்லாவிட்டால்தான் சாவி சுவிட்சைச் சந்தேகப்பட வேண்டும்.

சாவியாலேயே செல்ஃப் அடிப்பது பின்னால் வந்த வசதி. கார்களில் அதை 1949ல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. அதற்கு முன்னும், லாரிகளில் அதற்குப் பிறகும் வெகு நாள், சாவி ஒன்று, செல்ஃப் அடிக்கும் பட்டன் வேறொன்று. பழைய ஜெர்மன் டிராக்டர்களில் இன்னும் எளிய ஏற்பாடு இருந்தது. பாஷ் செய்த சுவிட்ச் பெட்டிக்கு ஆணி மாதிரி ஒரு சாவி. அதில் வெட்டும் இல்லை, பல்லும் இல்லை; உள்ளே தள்ளினால் மின்சாரம் வரும். எல்லா வண்டிக்கும் ஒரே ஆணி. அதைச் சாவி என்று சொல்வதைவிட, கழற்றி எடுத்துப் போகக்கூடிய சுவிட்ச் என்று சொல்லலாம். ஜேசிபி மாதிரி மண் அள்ளும் இயந்திரங்களில் ஒரே சாவி பல வண்டிகளை ஸ்டார்ட் செய்வதும் அந்தப் பரம்பரைதான். வேலைத்தளத்தில் பத்துப் பேர் ஏறி இறங்கும் இயந்திரத்துக்குத் தனிச்சாவி தொல்லை என்று நினைத்துச் செய்தது.

பூட்டுக்குள் ஒரு முறை பார்த்தால் போதும்

சாவி மாட்டிக்கொள்கிறது, திரும்ப மறுக்கிறது, குலுக்கினால்தான் திரும்புகிறது: பழைய லாரி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் இது. பூட்டின் உட்புறத்தை ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்கு இதன் காரணம் உடனே விளங்கும். நான் பார்த்தது எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவரின் பட்டறையில். பழைய சாவி சுவிட்ச் ஒன்றைக் கழற்றி, விரித்த செய்தித்தாளின் மேல் வைத்தார். பக்கவாட்டுத் துளையில் மெல்லிய கம்பியை விட்டு அழுத்தியபடி சாவியைப் பாதி திருப்பி இழுத்தார். விரல் நீளத்துக்குப் பித்தளை உருளை ஒன்று சாவியோடு வெளியே வந்தது. சாவியை உருவினார். உருளையின் உடம்பிலிருந்து ஐந்து தகடுகள் நண்டுக்கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டன. சாவியை மறுபடி விட்டார். ஐந்தும் உள்ளே போய் உருளை வழவழப்பானது. மறுபடி உருவினார், நீட்டின. நாலைந்து முறை அப்படிச் செய்து காட்டினார்.

பூட்டின் முழு ரகசியமும் அந்த நாலைந்து முறையில் இருக்கிறது. ஒவ்வொரு தகடும் நகத்தளவு பித்தளைத் துண்டு. நடுவில் சாவி நுழைய ஒரு ஓட்டை. பக்கத்தில் மயிரிழை போன்ற ஸ்பிரிங் ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளப்பட்ட தகடு உருளையைத் தாண்டி, வெளியே இருக்கும் உறையின் பள்ளத்தில் போய் உட்காரும். உட்கார்ந்தால் உருளை சுற்றாது. சாவியில் உள்ள ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டை எந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்பதற்கான அளவு. வெட்டு ஆழமாக இருந்தால் தகடு கொஞ்சம்தான் உயரும், மேடாக இருந்தால் நிறைய உயரும். ஐந்து தகடும் ஒரே நேரத்தில் உருளையின் மட்டத்தோடு மட்டமாக வந்தால்தான் சுற்றும். ஒன்று மேலே துருத்தினாலும் சுற்றாது, கீழே துருத்தினாலும் சுற்றாது.

ஐந்து தகடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரம் என்று வைத்துக்கொண்டால் 4×4×4×4×4, அதாவது 1024 விதச் சாவிகள் வரலாம். ஒரு உயரத்துக்கும் அடுத்த உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். இந்த அரை மில்லிமீட்டரில்தான் பழைய பூட்டின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது. லாரி குலுங்கும்போதெல்லாம் சாவி பித்தளைத் தகட்டில் உரசுகிறது. புழுதி உள்ளே போய் உப்புத்தாள் மாதிரித் தேய்க்கிறது. இருபது வருடத்தில் தகடும் தேயும், சாவியின் மேடும் மழுங்கும், உருளைக்கும் உறைக்கும் நடுவே இடைவெளியும் விழும். இரண்டு தனித்தனி வெட்டுகளுக்கு நடுவே இருந்த அரை மில்லிமீட்டர் கரைந்துவிட்டால், இரண்டு சாவிகளும் ஒரே பூட்டைத் திறக்கும்.

ஒரு டிரைவரின் சாவி பக்கத்து வண்டியில் திரும்பியது என்று லாரிக்காரர்கள் சொல்லும் கதைகள் நிஜம்தான். ரொம்பத் தேய்ந்த பூட்டு, சாவிக்குப் பதிலாகத் திருப்புளி நுனியை விட்டாலே திரும்பிவிடும். அப்படித் திரும்புகிற வண்டியை வைத்திருப்பவர், பூட்டு இன்னும் வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அது சுவிட்சாக மட்டும்தான் வேலை செய்கிறது. பூட்டாக வேலை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது.

சாவிக்கொத்து ஏன் அவ்வளவு கனம்?

லாரிச் சாவிக்கொத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவே கால் கிலோ இருக்கும் போலத் தோன்றும். காருக்கு ஒரு சாவி போதுமென்றால் லாரிக்கு ஏன் ஏழெட்டு? லாரி முழுதாக ஒரே இடத்தில் செய்யப்பட்டதில்லை என்பதுதான் காரணம். கம்பெனியிலிருந்து சேசிஸ் என்னும் அடிச்சட்டமும் முன்மூக்கும் மட்டும் வரும். டிரைவர் அதில் ஒரு சீட்டைப் போட்டுக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் திறந்தவாக்கில் ஓட்டிக்கொண்டு வருவார். கேபினும் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு மாதிரி ஊர்களின் பாடி பட்டறைகளில் மரத்திலும் தகட்டிலும் கட்டப்படும். இக்னிஷன் சாவி கம்பெனி கொடுத்தது. கதவுப் பூட்டு, பாடி கட்டியவர் கடையில் வாங்கிப் போட்டது. இரண்டும் ஒரே சாவியில் திறக்க வழியே இல்லை.

பல வண்டிகளில் கதவுக்கு உள்தாழ்ப்பாள்தான் பூட்டு. கிளீனர் உள்ளே போட்டுக்கொள்வார். யாருமே இல்லாமல் விட்டுப் போக வேண்டி வந்தால் வெளியே கொண்டியில் தொங்குபூட்டு. டூல் பாக்ஸுக்கு ஒரு பூட்டு, பேட்டரிப் பெட்டிக்கு ஒன்று, சேசிஸுக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்குச் சங்கிலியோடு ஒன்று, டீசல் டேங்க் மூடிக்குத் தனிச்சாவி. பழைய லாரியில் முழு வண்டியும் களவு போவதைவிட டீசலும் பேட்டரியும் ஸ்டெப்னியும் போவதுதான் அடிக்கடி நடந்தது. பூட்டுகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார்த்தாலே பயம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

தொங்குபூட்டு என்றதும் திண்டுக்கல்லைச் சொல்லாமல் போக முடியாது. கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவத்தில் செய்யும் மாங்காய்ப் பூட்டு அதில் பேர்போனது. அதன் உட்புறம், முன்னே சொன்ன தகடு வகையைச் சேர்ந்ததில்லை, நெம்புகோல் வகை. உள்ளே பல நெம்புகோல்கள் அடுக்கியிருக்கும். சாவி சுற்றும்போது ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குத் தூக்கும். எல்லாம் ஒரே வரிசையில் நின்றால்தான் தாழ் நகர வழி கிடைக்கும். குறைவாகத் தூக்கினாலும் நகராது, அதிகமாகத் தூக்கினாலும் நகராது. தடித்த பாகங்கள் என்பதால் புழுதியையும் குலுங்கலையும் தாங்கும். லாரியின் வெளிப்பக்கத்துக்கு இந்த வகைதான் பொருத்தம் என்பது என் தீர்மானமான எண்ணம். டேங்க் மூடியில் வரும் மெல்லிய தகட்டுப் பூட்டு, சேறும் டீசலும் பட்டுப்பட்டுச் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பல பத்தாண்டுகள் வேண்டுமென்றே இரண்டு சாவி கொடுத்தது. சதுரத் தலைச் சாவி இக்னிஷனுக்கு, வட்டத் தலைச் சாவி கதவுக்கு. இருட்டில் தடவியே எது எதென்று தெரியும். வண்டியை வேறொருவரிடம் ஓட்டக் கொடுக்கும்போது ஒரு சாவியை மட்டும் கொடுத்தால் போதும். நம் ஊரில் தற்செயலாக அமைந்ததை அவர்கள் யோசித்துச் செய்தார்கள். அந்தத் தலை வடிவ யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் கொத்தில் டேங்க் சாவியின் தலையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி வைத்திருந்தோம், விரலுக்கே தெரிந்துவிடும்.

சரி, அந்தக் கனமான கொத்தை இக்னிஷனில் தொங்கவிடக் கூடாது. ஓடும்போது கொத்து ஊஞ்சலாடும். ஆட்டம் முழுவதும் பூட்டின் பித்தளை உருளைமேல் இறங்கும். இக்னிஷன் சாவியை மட்டும் தனி வளையத்தில் போட்டு, தேவைப்பட்டால் சின்னக் கொக்கியில் கொத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். வண்டி ஏறியதும் கழற்றிவிடலாம்.

டூப்ளிகேட் வெட்டும்போது

பழைய லாரி வாங்குகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு சாவிதான் வரும். அதுவும் ஏற்கெனவே டூப்ளிகேட்டாக இருக்கும். கம்பெனிச் சாவி எந்த ஊர் ஓட்டலில் தொலைந்ததோ. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே பிரதி ஆகும். அதைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் இன்னும் கொஞ்சம் விலகும். அரை மில்லிமீட்டரில் நடக்கும் விளையாட்டில் ஒவ்வொரு பிரதிக்கும் நூலளவு தவறினாலும், மூன்றாவது தலைமுறையில் சாவி மாட்டும், திரும்பாது.

ஆகவே சாவி வெட்டுபவரிடம் போகும்போது கையில் இருப்பதிலேயே பழையதையும் தேய்மானம் குறைந்ததையும் கொண்டுபோங்கள். கம்பெனிச் சாவி கிடைத்தால் அதன் தலையில் எண் ஏதாவது பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பல சாவிகளில் இருக்கும். சில பூட்டுகளில் உருளையின் மேலேயும் எண் இருக்கும். அந்த எண் வெட்டுகளின் ஆழத்தைக் குறிக்கும் குறியீடாக இருந்தால், தேய்ந்த சாவியைப் பார்க்காமல் கம்பெனி அளவிலேயே புதிதாக வெட்டலாம். எண்ணே இல்லையென்றால், அனுபவமுள்ள சாவிக்காரர் பூட்டைக் கழற்றித் தகடுகளைப் பார்த்தே வெட்டுவார். வெட்டிய சாவியை அரத்தால் லேசாகத் தடவி, தகடுகள் மட்டத்துக்கு வருகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அவருக்குப் பத்து நிமிடம் கூட ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

பூட்டு இறுகினால் இன்ஜின் ஆயில் விடுவதுதான் எல்லோருடைய முதல் வைத்தியம். ஒரு வாரம் நன்றாக இருக்கும். பிறகு எண்ணெயும் புழுதியும் குழைந்து களிம்பாகி, மயிரிழை ஸ்பிரிங்குகளைப் பிடித்துக்கொள்ளும். தகடு திரும்பி வெளியே வராது. பூட்டுக்குத் தேவை உலர்ந்த வழவழப்பு. கிராஃபைட் தூள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 2பி பென்சிலை எடுத்துச் சாவியின் இரண்டு பக்கமும் கருப்பாகத் தேய்த்து, பூட்டில் பத்து முறை விட்டு எடுங்கள். பென்சிலுக்குள் இருப்பதும் கிராஃபைட்தான். ஏற்கெனவே களிம்பாகிவிட்ட பூட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காய வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

பூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டால் புதிய இக்னிஷன் சுவிட்சையே போட்டுவிடலாம். ஒயர்களை மாற்றி மாட்டாமல் இருக்க, கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் நிறத்துணியோ டேப்போ சுற்றி அடையாளம் வையுங்கள். பழைய லாரிகளில் ஒயர் நிறத்தை நம்ப முடியாது. இருபது வருடத்தில் எத்தனை எலக்ட்ரீஷியன்கள் கைக்குக் கிடைத்த ஒயரைப் போட்டார்களோ. பேட்டரியை வண்டியிலிருந்து மொத்தமாகத் துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்ச் இல்லாத வண்டியாக இருந்தால் அதையும் இதே சமயத்தில் போட்டுவிடுங்கள். ஒளிவான இடத்தில் வைத்தால் இரவில் ஒயர் ஷார்ட்டாகாமலும் காக்கும், யாரோ ஏறிச் சாவியைத் திருப்பினாலும் வண்டி ஊமையாக இருக்கும். ஆனால் இன்ஜின் ஓடும்போது அந்த சுவிட்சைத் தொடக் கூடாது. ஓட்டத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் ஓட்டத்தில் பேட்டரியைத் துண்டித்தால் அதற்குள் இருக்கும் டையோடுகள் போய்விடும். குமிழ், சாவி, கட் ஆஃப்: நிறுத்தும்போது இந்த வரிசை மாறவே கூடாது.

இப்போதைய லாரிகளில் கணக்கே வேறு. வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் விதிகளில் 2017ல் பி.எஸ்.4 நாடு முழுக்க வந்து, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு டீசலை எவ்வளவு, எந்த நொடியில் விடுவது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. சாவியைத் திருப்பினால் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். குமிழும் இல்லை, அதை இழுக்கும் கம்பியும் இல்லை. புது வண்டியில் பழகிவிட்டுப் பழைய 1613ல் ஏறுகிற இளைஞர்கள் சாவியைத் திருப்பிவிட்டுத் திகைத்து நிற்பதை இப்போதும் பார்க்கிறேன். அவர்களிடம் வண்டியைக் கொடுக்கும் முன் குமிழ் எங்கே என்று காட்டிவிடுவது முதலாளியின் கடமை.

அந்தக் கம்பியையும் பாருங்கள். எல்லோரும் பூட்டைப் பழுது பார்ப்பார்கள், ஸ்டாப் கம்பியை மறந்துவிடுவார்கள். உறைக்குள் துருப்பிடித்து, ஒரு நாள் இழுக்கும்போது குமிழ் கையோடு வந்துவிடும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். பதற வேண்டாம். பானெட்டைத் திறந்தால் பம்பின் பக்கவாட்டில் அந்தக் கம்பி போய்ச் சேரும் சிறு கை ஒன்று தெரியும். அதை விரலால் நிறுத்தும் பக்கம் தள்ளிப் பிடித்தால் இன்ஜின் நின்றுவிடும். ஃபேனும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கையையும் துண்டையும் சுருட்டிக்கொண்டுதான் குனிய வேண்டும். அங்கே கை எட்டாவிட்டால் கடைசி வழி: வண்டிக்கு முன்னே ஆள் இல்லை என்று பார்த்து, பிரேக்கை அழுத்தி மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். அதற்குப் பிறகு வண்டியை எடுக்கும் முன் புதுக் கம்பி மாட்டிவிடுங்கள். உறையின் மேல்முனையில் நாலு சொட்டு ஆயில் விட்டு, குமிழைப் பத்து முறை இழுத்து உள்ளே தள்ளுங்கள்; ஆயில் கீழ்முனையில் கசிந்தால் கம்பி முழுக்க நனைந்துவிட்டது. பூட்டுக்கு ஆகாத ஆயில் இந்தக் கம்பிக்கு அவசியம்.